பெரியவர் கீழே விழுந்துவிட்டாரா? தரையிலிருந்து எழுப்புவது முதல் மறுபடி நடக்க வைப்பது வரை

"சும்மா வழுக்கித்தான் விழுந்தார் டாக்டர், அடி ஒண்ணும் பெரிசா இல்லை." வயதானவர்களை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார் என்பதை வைத்து அடியை எடைபோடுவது இளவயதுக்காரர்களுக்கு ஓரளவு சரிவரும். 65-ஐத் தாண்டியவர்களிடம் அந்தக் கணக்கு பலிக்காது. நின்ற இடத்திலேயே சரிந்தவருக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கும், கட்டிலிலிருந்து நழுவியவருக்குக் கழுத்து எலும்பு விரிசல் விட்டிருக்கும், நாற்காலியில் உட்காரப் போய்த் தவறி விழுந்தவருக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

விழுவதால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அதில் பெரும்பங்கு அறுபதைத் தாண்டியவர்கள். பிரிட்டனில் பலத்த காயத்தோடு வரும் முதியவர்களைப் பற்றி 2017-ல் வந்த ஓர் அறிக்கை, அவர்களில் அதிகம் பேர் இரண்டு மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று காட்டியது. சாலை விபத்தில் அடிபட்டவர்கள் அவர்களைவிடக் குறைவு.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? 'நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார்' என்பதை வைத்து. நேற்று தானாகக் கழிப்பறைக்குப் போனவர் இன்று சுவரைப் பிடித்தும் போக முடியவில்லை என்றால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஏதோ இருக்கிறது. இந்த ஒப்பீட்டை மருத்துவரால் செய்ய முடியாது, நேற்று அவரைப் பார்த்தவர் நீங்கள்தான். இந்த வழிகாட்டி முழுக்கத் திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து நிற்கப் போகிறேன்.

படி 1: உடனே தூக்காதீர்கள்

சத்தம் கேட்டு ஓடியவுடன் கை தானாக அக்குளுக்குள் போகும். அதை இரண்டு நிமிடம் அடக்குங்கள். தரையிலேயே அவர் இருக்கட்டும், நீங்கள் குனிந்து உட்காருங்கள்.

முதலில் பேச்சுக் கொடுங்கள். பேச்சும் மூச்சும் சீராக இருக்கின்றனவா, வழக்கம்போல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் கழுத்து வலிக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு கை விரல்களையும் இரண்டு பாதங்களையும் அசைக்கச் சொல்லுங்கள். எங்காவது மரத்துப்போனதுபோல் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கால்களைப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு கால் சற்றே குட்டையாகத் தெரிந்து, அந்தப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால், இடுப்பு மூட்டுப் பக்கம் எலும்பு முறிந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இப்படித் தெரியாவிட்டால் முறிவு இல்லை என்று ஆகிவிடாது. எலும்பு விலகாமல் விரிசல் மட்டும் விட்டிருந்தால் கால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

கழுத்து வலி, கை கால் பலவீனம், நினைவு தப்பியது, குழப்பமான பேச்சு, மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம், இடுப்பில் கடும் வலி: இதில் ஒன்று இருந்தாலும் எழுப்ப வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தரை ஈரமாக இருந்தால் மடித்த போர்வையை அடியில் செருக முடிகிறதா பாருங்கள், மேலே ஒன்று போர்த்துங்கள். கூன் விழுந்தவர் என்றால் தலையைத் தரையோடு அழுத்தி நேராக்கக் கூடாது. அவருடைய கழுத்து பல வருடமாக முன்பக்கம் வளைந்தே பழகியது. அதே வளைவில் தலைக்கு அடியில் தலையணையோ துணிச்சுருளோ வையுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் கழுத்துப்பட்டையைக் கட்டாயப்படுத்தி மாட்டப் பார்த்தாலும் 'அவருக்கு முன்னாடியே கூன் உண்டு' என்று சொல்லிவிடுங்கள்.

இழுத்துச் சரிசெய்வதும், வலிக்கிற இடத்தை நீவி விடுவதும் வேண்டாம். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்கம் கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்தால், "இன்னும் பட்டினியாகத்தான் இருக்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள். யாரும் கேட்காததால் மட்டுமே நாள் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் கிடக்கும் முதியவர்கள் உண்டு.

படி 2: எழுப்பலாம் என்று முடிவு செய்தால்

மேலே சொன்ன எதுவும் இல்லை, அவரே எழ விரும்புகிறார் என்றால் வேலையை அவர் செய்ய வேண்டும், நீங்கள் துணை மட்டும். கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். உங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இரண்டு நோயாளிகள்.

உறுதியான நாற்காலி ஒன்றை அவர் தலைப்பக்கம் கொண்டுவந்து வையுங்கள். அவர் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, மெல்ல மண்டியிட்டுத் தவழும் நிலைக்கு வரட்டும். முழங்காலுக்கு அடியில் துணியை மடித்து வைத்தால் வலி குறையும். இரண்டு கையையும் நாற்காலியின் இருக்கையில் ஊன்றி, பலமான காலின் பாதத்தை முன்னால் தரையில் பதித்து, உந்தி எழட்டும். இரண்டாவது நாற்காலியை நீங்கள் பின்னால் நகர்த்தினால் அப்படியே உட்கார்ந்துவிடலாம். ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நடுவில் வலி சுரீரென்று ஏறினால் முயற்சியை அங்கேயே கைவிட்டு மறுபடி படுக்க வையுங்கள்.

உட்கார்ந்ததும் உடனே நடக்க விடாதீர்கள். தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, நிற்க வைத்து, சில அடி நடக்கச் சொல்லுங்கள். நேற்றைய நடையா அது?

படி 3: எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார்?

தனியாக இருந்தவர் என்றால் இந்தக் கேள்வி அடியைவிட முக்கியமாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எழ முடியாமல் கிடந்தாலே அது தனிப் பிரச்சினை. உடம்பின் எடையில் நசுங்கிய தசை சிதைந்து, அதிலிருந்து வெளியாகும் பொருட்கள் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் அடர் பழுப்பாகப் போவது அதன் அடையாளம். உடல் வெப்பம் குறையும், நீர்ச்சத்து வற்றும், பிட்டத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தொடங்கும். எலும்பு எதுவும் முறியாமலே ஐசியூவுக்குப் போகிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் போகிறார்கள்.

நேரம் தெரியாவிட்டால் துப்பறியுங்கள். கடைசியாக யார் போனில் பேசினார்கள்? விளக்கு எரிந்துகொண்டிருந்ததா? காலை மாத்திரை டப்பாவில் அப்படியே இருக்கிறதா? இதிலிருந்து ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். "ராத்திரி விழுந்திருக்கலாம், காலையில்தான் பார்த்தோம்" என்று சொன்னால்தான் தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனையையும் சிறுநீரகப் பரிசோதனையையும் எழுதுவார்கள்.

படி 4: ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

தலையில் அடி பட்டிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புடைப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போய்விடுங்கள். வார்ஃபரின், அசெனோகூமரால், அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் எல்லாம் இந்த ரகம். க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் வேறு வகை என்றாலும் அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

நினைவு தப்பியது, விழுந்ததே நினைவில்லை என்பது, வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, புதுக் குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், ஒரு பக்கம் பலவீனம், நெஞ்சுவலி, மூச்சு இழுக்கும்போது குத்தும் விலா வலி, காலை ஊன்ற முடியாமை: இவையும் உடனே போக வேண்டியவை.

இவை எதுவும் இல்லை, சிராய்ப்பும் ரத்தக்கட்டும்தான் என்றால் வீட்டிலேயே கவனிக்கலாம். ஆனால் அன்றோ மறுநாளோ அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது, ஏன் விழுந்தார் என்பதற்காகவாவது. பெரியவர்கள் வலியைக் குறைத்துச் சொல்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீ வேலைக்குப் போ" என்பது அவர் பிள்ளைக்குச் சொல்கிற பதில். அதை மருத்துவத் தகவலாக எடுத்துக்கொள்ள முடியாது. மறதி நோய் உள்ளவர் என்றால் வாயால் சொல்லவே மாட்டார். முகம் சுளிப்பது, சட்டை மாற்றும்போது கையைத் தட்டிவிடுவது, சாப்பிட மறுப்பது, இவைதான் அவருடைய மொழி.

படி 5: எடுத்துப் போக வேண்டியவை, சொல்ல வேண்டியவை

மாத்திரைகளைப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிப் போடுங்கள். கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் சளி மாத்திரை, தூக்க மாத்திரை, வலி மாத்திரையும் சேர்த்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூளையில் கசிவு இருந்தால் அந்த மருந்தின் வேலையை முறிக்க வேண்டிவரும், அப்போது இந்த நேரம் கையில் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் கட்டாயம். அவை இல்லாமல் ஒரு முதியவரிடம் "இன்று என்ன கிழமை?" என்று கேட்டால், கேள்வியே காதில் விழாமல் விழிப்பார், குழப்பம் என்று எழுதிவிடுவார்கள்.

வாசலிலேயே ஒரு நர்ஸ் பிபி, நாடித்துடிப்பு பார்த்து யார் முதலில், யார் காத்திருக்கலாம் என்று பிரிப்பார். முதியவர்கள் தவறாகப் பின்வரிசைக்குப் போவது இங்கேதான். ரத்த இழப்பு இருந்தால் நாடித்துடிப்பு ஏற வேண்டும், ஆனால் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஏறாது. பிபி 110 என்று காட்டும், பார்க்க அழகான எண். வழக்கமாக 160-ல் இருக்கிறவருக்கு அது பெரிய இறக்கம். 65 வயதுக்கு மேல் காயத்தோடு வருகிறவருக்கு பிபியின் மேல் அளவு 110-க்குக் கீழே போனாலே, உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையாக (ஷாக்) இருக்கலாம் என்று அமெரிக்காவின் ஆம்புலன்ஸ் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆகவே நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: "இவருக்கு எப்பவும் பிபி 150, 160 இருக்கும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார்."

அதோடு, "நேற்றுவரை தானாக நடந்தார், கணக்கு வழக்கெல்லாம் அவரே பார்த்தார்" என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், இப்போது தெரியும் குழப்பத்தை வயதின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து உண்டு.

இன்னொன்று. உங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவரிடம் தனியாகச் சில கேள்விகள் கேட்பார்கள். வீட்டில் யாராவது தள்ளினார்களா, அடித்தார்களா என்பதும் அதில் இருக்கும். கோபப்பட வேண்டாம், இது எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டதால் காப்பாற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: தலை முதல் கால் வரை, எங்கே எதைத் தேடுகிறார்கள்

தலை. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் அதற்கும் இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடக்கும் மெல்லிய சிரைகள் விறைத்து நிற்பதால், சாதாரணக் குலுங்கலிலேயே கிழிந்துவிடும். இடம் இருப்பதால் கசிந்த ரத்தம் மூளையை அழுத்தவும் நேரமாகும். ஆகவே வந்து சேரும்போது தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். கனடா மருத்துவர்கள் 2001-ல் வெளியிட்ட தலைக்காய விதி, சிடி ஸ்கேன் யாருக்கு வேண்டும் என்று தீர்மானிக்கும் காரணங்களில் 65 வயதையே ஒன்றாக வைத்தது இதனால்தான். சாதாரண எக்ஸ்ரேயில் மூளைக் கசிவு தெரியாது. "தலைக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு, நார்மல்" என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

கழுத்து. நெற்றியிலோ தாடையிலோ காயம் என்றால் தலை பின்னால் மடங்கியிருக்கலாம், ஆகவே கழுத்தையும் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு அதிகம் முறிவது மேலிருந்து இரண்டாவது எலும்பு. இங்கேயும் எக்ஸ்ரேயைவிட சிடிதான் நம்பகம். எலும்பு முறியாமலே தண்டுவடம் நசுங்கும் ஒரு வகையும் உண்டு. அதில் கால்கள் ஓரளவு வேலை செய்யும், கைகள்தான் பலமிழக்கும். நடந்தே வருவார், ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது. விரல்கள் எரிகின்றன என்பார். பேனாவைப் பிடிக்கத் தடுமாறுகிறார் என்றால் உடனே சொல்லுங்கள்.

விலா. சிறியதாகத் தெரிந்து ஆளைச் சாய்ப்பதில் இதற்கு இணை இல்லை. எலும்பு தானாகக் கூடிவிடும். கொல்வது வலி. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார். சளி அடியில் தங்கும், நிமோனியா வரும். முறிந்த விலாக்களின் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. மூன்றும் அதற்கு மேலும் என்றால் உள்ளே வைத்துக் கவனிப்பதே முறை. எக்ஸ்ரே பல விலா முறிவுகளைத் தவறவிடும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது பழைய வைத்தியம், அது மூச்சை இன்னும் குறைக்கும்.

இடுப்பு. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியோ அதற்குச் சற்றுக் கீழோ முறிவதைத்தான் நாம் இடுப்பு முறிவு என்கிறோம். வலி தொடையிலோ முழங்காலிலோகூட உணரப்படும். முழங்காலை மட்டும் படம் எடுத்து நார்மல் என்று அனுப்பிய கதைகள் நிறைய. இடுப்பை எக்ஸ்ரே எடுத்தும் விரிசல் தெரியாமல் போவதுண்டு. காலை ஊன்ற முடியவில்லை, படம் சுத்தம் என்ற முரண்பாடு வந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், உடனே கிடைக்காவிட்டால் சிடி. இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தால் தப்பே இல்லை. "நேற்று நடந்தவர், இன்று ஊன்ற முடியவில்லை, வேறு ஸ்கேன் பார்க்கலாமா?" விலகாத விரிசலோடு நடக்க விட்டால் அது விலகும், சின்ன அறுவை சிகிச்சையில் முடிய வேண்டியது பெரிதாகும்.

முறிவு உறுதியானால் அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. "இந்த வயசில் ஆபரேஷன் தாங்குவாரா?" என்று குடும்பம் கூடிப் பேசி நாள் கடத்துவதைப் பார்த்திருக்கிறேன். படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப்புண் என்று வரிசையாக வரும். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனைவிட ஆபரேஷன் செய்யாததுதான் ஆபத்து. அதுவரை வலிக்கு, கவட்டைப் பக்கம் நரம்பைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடும் முறை இருக்கிறது. இதைப் போட்டால் தூக்கம் வரவழைக்கும் பலமான மருந்துகளின் தேவை குறையும். கிடைக்குமா என்று கேளுங்கள்.

இடுப்பு வளையத்தின் முன்பக்கம், கவட்டை எலும்பு விரிசல் விடுவதும் அடிக்கடி நடக்கும். இதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லை. வலி மருந்து போட்டுக்கொண்டு சீக்கிரம் நடப்பதுதான் சிகிச்சை.

முதுகு. பிட்டம் தரையில் படும்படி விழுந்தால் நடுமுதுகும் கீழ்முதுகும் சந்திக்கும் இடத்தில் முதுகெலும்புக் கட்டை நசுங்கும். கால் பலவீனமாவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, இந்த மூன்றில் எது இருந்தாலும் அவசரம்.

மணிக்கட்டும் தோளும் கையை ஊன்றி விழுந்தால் முறிபவை. வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள், வேறு பெரிய ரகசியம் இல்லை.

தோல். இதை யாரும் சரியாகச் செய்வதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன். முதியவரின் முன்கையிலும் கணைக்காலிலும் தோல் நனைந்த காகிதம் போல மெலிந்திருக்கும். நாற்காலி முனை உரசினாலே முக்கோணமாகக் கிழிந்து மடல்போல் சுருண்டு நிற்கும். அந்த மடலைப் பிய்த்து எறியக் கூடாது, அதுதான் காயத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மூடி. உப்புநீரால் கழுவி, ஈரமான பஞ்சுத் துணியால் மடலை மெல்லத் தள்ளி, பழைய இடத்திலேயே விரித்து வைக்க வேண்டும். முழுக்க மூடாவிட்டால் பரவாயில்லை, இழுத்து நீட்ட வேண்டாம். தையல் போட்டால் நூல் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். மேலே ஒட்டாத சிலிக்கான் வகைக் கட்டு, அதன்மேல் சுற்றுத்துணி. பிளாஸ்திரியை நேராகத் தோலில் ஒட்டினால், எடுக்கும்போது இன்னொரு மடல் உரிந்துவரும். மடலின் போக்கைக் காட்டும் அம்புக்குறியைக் கட்டின்மேல் வரைந்துவிட்டால், அடுத்தவர் எதிர்ப்பக்கமாகப் பிரித்துக் காயத்தைக் கிளற மாட்டார். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்றும் கேட்பார்கள்.

படி 7: ஏன் விழுந்தார்?

காயத்துக்குக் கட்டுப்போட்டு அனுப்பி, விழுந்ததற்கான காரணத்தை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த வாரம் மறுபடி வர வேண்டியிருக்கும். "தடுக்கி விழுந்தேன்" என்பதை முழுசாக நம்பாதீர்கள். எதில் தடுக்கியது என்று கேட்டால் பலருக்குப் பதில் இருக்காது. மயங்கி விழுந்து, நினைவு வந்ததும் மனம் தானாகக் கட்டிய விளக்கமாக அது இருக்கலாம். கையை ஊன்றாமல் முகம் நேராக அடிபட்டிருந்தால் விழும்போதே நினைவு இல்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

ஈசிஜி எடுக்க வேண்டும். சுகர் பார்க்க வேண்டும். க்ளிமிபிரைடு, க்ளிபென்க்ளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சுகர் இறங்கியிருந்தால், குளுக்கோஸ் கொடுத்து ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கும், ஆகவே உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், சோடியம். காய்ச்சலே இல்லாமல், நிமோனியாவுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ கீழே விழுவதே முதல் அறிகுறியாக இருப்பது முதியவர்களிடம் சகஜம்.

படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் பிபி பார்ப்பது செலவில்லாத சோதனை, அதனாலோ என்னவோ அதிகம் மறக்கப்படுவதும் இதுதான். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடங்களில் மறுபடியும். மேல் அளவு 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் அளவு 10-ம் அதற்கு மேலும் இறங்கினால் காரணம் பிடிபட்டுவிட்டது. பிபி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, தூக்கம் வரும் அலர்ஜி மாத்திரை, எது அண்மையில் சேர்ந்தது, எதன் அளவு கூடியது என்று அந்தப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் க்ளோபிடோக்ரெலைத் திடீரென்று விட்டால் அது வேறொரு ஆபத்து. 'அடுத்த வேளை மாத்திரை போடலாமா, வேண்டாமா' என்பதை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

படி 8: வீட்டுக்கு அனுப்பும் முன் நடக்க வையுங்கள்

படுக்கையில் படுத்தபடி "நல்லா இருக்கார், கூட்டிப்போங்க" என்று சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம் என்பது இந்தச் சோதனைக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவு. நொடிக்கணக்கு கிடக்கட்டும், எழவே முடியவில்லை என்றால் அன்றிரவு கழிப்பறைக்கு எப்படிப் போவார்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் கிளம்ப வேண்டாம். ஓர் இரவு உள்ளே வைத்துக்கொள்வது பல நேரம் நியாயமான முடிவு. ஆனால் தேவையில்லாமல் நீட்டவும் கூடாது, புது இடம், வெளிச்சம், சத்தம் எல்லாம் சேர்ந்து இல்லாத குழப்பத்தை வரவழைக்கும்.

படி 9: வீட்டில் முதல் சில வாரங்கள்

முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்கலாம், தடையில்லை, எழுப்பினால் வழக்கம்போல் விழித்துப் பேசுகிறாரா என்று இடையிடையே பாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முதல் ஸ்கேன் நன்றாக இருந்தும் பின்னால் கசிவது அபூர்வம், ஆனால் நடக்கும். இதைவிட ஏமாற்றுவது மெதுவாகச் சேரும் ரத்தம். விழுந்து மூன்று வாரமோ ஒரு மாதமோ கழித்து, நடை தள்ளாடும், பேச்சு குழறும், மறதி கூடும். அதற்குள் விழுந்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். நாட்காட்டியில் விழுந்த தேதியைக் குறித்து வையுங்கள். மாற்றம் தெரிந்தால் அந்தத் தேதியைச் சொல்லி ஸ்கேன் கேளுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் முதலில். எடை குறைந்தவர், கல்லீரல் பிரச்சினை உள்ளவர் என்றால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலித்தால் மட்டும் என்று இல்லாமல் சில நாள் நேரம் வைத்துக் கொடுத்தால்தான் நடப்பார், இருமுவார். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளைக் கடையில் வாங்கித் தர வேண்டாம். சிறுநீரகமும் வயிறும் தாங்காது, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். டிரமடால் போன்ற பலமான வலி மருந்துகள் எழுதியிருந்தால் மலச்சிக்கலும் தூக்கக்கலக்கமும் வரும், கலக்கத்தில் மறுபடி விழுவார்.

விலா அடி என்றால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆழமாக மூச்சு விடவும் இருமவும் பழக்குங்கள். மாவுக்கட்டு போட்டிருந்தால் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலும், மரத்தாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் கட்டை உடனே பார்க்க வேண்டும்.

படுத்தே இருக்க விடாதீர்கள். ஓய்வு என்ற பெயரில் சில நாள் படுத்தாலே தொடைத் தசை கரையத் தொடங்கிவிடும்.

படி 10: அடுத்த முறை வராமலிருக்க

நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டதோடு கதை முடிவதில்லை, எலும்பு அடர்த்தி பார்த்து அதற்கு மருந்து தொடங்க வேண்டும். இதை ஒருவரும் எடுத்துச் சொல்லாமலே பலர் வீடு திரும்புகிறார்கள். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கழிப்பறையில் கைப்பிடி, இரவு விளக்கு, சுருளும் விரிப்புகளை எடுத்துவிடுவது எல்லாம் தெரிந்ததுதான். அதிகம் பலன் தருவது சமநிலைக்கும் கால் பலத்துக்குமான உடற்பயிற்சி. வீட்டில் வசிக்கும் முதியவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, பயிற்சி செய்கிறவர்கள் விழுவது சுமார் 23 சதவீதம் குறைவதாகக் கண்டது. நடைப்பயிற்சி மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது போன்றவை வேண்டும். தொடக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்து அளவு சொன்னால் நல்லது. விழுந்த பயத்தில் நடப்பதையே குறைத்துக்கொள்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

கைத்தடி வாங்கினால் உயரம் பாருங்கள். செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ, தடியின் பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, அந்தக் காலோடு சேர்த்துத் தடியை முன்னால் வைக்க வேண்டும். பலர் அடிபட்ட பக்கமே பிடிக்கிறார்கள், அதனால் நடை இன்னும் கோணலாகும். தடியின் அடியிலுள்ள ரப்பர் வழவழப்பாகிவிட்டதா என்று அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்திருந்தால் ரப்பரை மாற்றுங்கள்.